தண்ணீர் வற்றிய பிறகும்

இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம்பாவிட்டால் எனக்கு நிம்மதிதான். ஆனால் நடந்தது நடந்ததுதான். போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. மணி முதற்கொண்டு எனக்கு நினைவிருக்கிறது. தீவின் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே இன்னமும் ஆட்கள் போய்த் தங்குகிறார்கள்.

என் பெயர் துளசி. வயது முப்பத்தாறு. வீடு ராசா என்ற சிற்றூரில். ரவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில், பொருள்களை எண்ணிச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை. அந்த வருடம் ஏப்ரலில் என் கணவர் ரவீந்திரன் இறந்துபோனார். லோரி ஓட்டுநர். தஞ்சோங் காராங்கிற்கு நெல் ஏற்றப் போனவர், வாய்க்கால் ஓரம் லோரியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறார். மாரடைப்பு. விடிந்த பிறகுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். அதுவரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று இல்லை. வரவில்லை. கருமாதி முடிந்த நாலாம் நாள் வேலைக்குப் போனேன். சாப்பிட்டால் ருசி தெரியாது. கையில் சுடுதண்ணீர் பட்டால், கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுடும். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே... அது உடம்பு முழுக்கப் பரவினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தேன்.

உஷாராணி என் பக்கத்து மேசைக்காரி. பத்து வருடப் பழக்கம். எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தது, டாக்டரிடம் கூட்டிப்போனது, வீட்டில் பாத்திரம் கழுவியதுகூட அவள்தான். அந்தத் தீவுக்கு ரூம் எடுத்ததும் அவள்தான்.

"ரெண்டு நாளு. கடல பாரு, தூங்கு. வேற ஒன்னும் வேணாம் லா."

"ம்."

"ம்-னா வரேன்னு அர்த்தமா?"

"ம்."

அவ்வளவுதான். அவள் காரிலேயே கோலசிலாங்கூர் போனோம். பிற்பகல் 3:40க்குப் படகு. 4:15க்குத் தீவு. படகுக்காரர் எங்கள் பைகளை இறக்கி வைத்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். நாளன்றைக்குத்தான் இனி வருவார்.

ரிசோர்ட் என்று பேர். ஆறு பலகைக் குடில்கள், நீப்பாப் பனை ஓலைக் கூரை. எல்லாம் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கின்றன. குடிலிலிருந்து கரைக்கு ஒற்றைப் பலகைப் பாலம். கரையில் ஒரு சமையல் கொட்டகை. கைப்பேசிக்கு லைன் இல்லை. ஜெனரேட்டர் இரவு பத்தரை வரைதான். அன்றைக்கு எங்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

சமையல், காவல், கூட்டுவது, துடைப்பது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். அழகேசன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தமிழர் என்றதும் உஷாவுக்குச் சந்தோஷம். அண்ணே, அண்ணே என்று ஒட்டிக்கொண்டாள்.

"தங்கச்சி, ஒன்னு மட்டும் சொல்லிடறேன்" என்றார் அவர். "இந்தப் பக்கம் மணலு கெடையாது. தண்ணி வத்துனா முழுக்க சேறு. பாக்க தரை மாதிரி இருக்கும். கால வச்சா இடுப்பு வரைக்கும் இழுத்துரும். எறங்கவே கூடாது."

"யாரும் மாட்டியிருக்காங்களா அண்ணே?"

அவர் கையிலிருந்த இஞ்சியைத் தோல் சீவி முடித்தார்.

"ராத்திரிக்கி மீனா, கோழியா?" என்றார்.

எங்கள் குடில் கடைசிக் குடில். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம். பின்பக்கம் ஒரு கதவு. அதைத் திறந்தால் தண்ணீருக்குள் இறங்கும் படிகள் என்று படத்தில் போட்டிருந்தார்கள். அந்தக் கதவை நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். முடிச்சு மேல் முடிச்சு. சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம் என்று உஷா அவிழ்த்துப் பார்த்தாள். நானும் பிடித்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம். விட்டுவிட்டோம்.

நான் இன்னொன்றையும் கவனித்தேன். என் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகை மட்டும் புதிது. ஒரு பலகைக்கு நாலு ஆணி போதும். அதில் இருபத்திரண்டு ஆணி அடித்திருந்தது. எண்ணுவது என் தொழில். எண்ணிவிட்டு, உஷாவிடம் சொல்லாமல் விட்டேன். சொல்லத் தோன்றவில்லை.

8:10க்குச் சாப்பாடு. சுட்ட மீன், சோறு, ரசம். ஒன்பது மணிக்குக் கடல் முழுக்க ஏறியிருந்தது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் ஒரு முழம் கீழே கருப்பாக அசைந்தது.

10:30. ஜெனரேட்டர் நின்றது.

10:52க்கு முதல் சத்தம்.

டொக்... டொக்... டொக்.

என் கட்டிலுக்கு நேர் கீழே. மூன்று தடவை. அப்புறம் சும்மா இருந்தது. மறுபடி மூன்று.

"என்னா லா அது?" உஷா எழுந்து உட்கார்ந்தாள்.

"தெரியல."

அவள் முன்கதவைத் திறந்து அழகேசனைக் கூப்பிட்டாள். டார்ச்சோடு பாலத்தில் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை. சத்தம் அவருக்கும் கேட்டது.

"கட்டைம்மா. மெதந்து வந்து கால்ல முட்டுது. தண்ணி வத்துனா நின்னுரும்."

டார்ச்சை ஒரு தடவைகூடக் கீழே காட்டவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உஷா கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். எனக்கு ஏப்ரலுக்குப் பிறகு தூக்கம் இரவில் இரண்டு மணி நேரம்தான். அன்றைக்கு அதுவும் இல்லை. மல்லாந்து படுத்துச் சத்தத்தை எண்ணினேன். மூன்று தட்டல். பதினேழு நொடி இடைவெளி. மறுபடி மூன்று. கட்டை முட்டினால் இப்படிக் கணக்காகவா முட்டும்? அலை ஒன்று பெரிதாக வரும், ஒன்று சிறிதாக வரும். பதினேழு நொடி மாறவே இல்லை.

12:30. தண்ணீர் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. தூண்களில் சலசலப்புக் குறைந்தது.

1:40. சலசலப்பு தூரத்தில் கேட்டது.

2:20. தண்ணீர்ச் சத்தமே இல்லை. சேற்று வாடை மட்டும் பலகை இடுக்கில் ஏறி வந்தது.

டொக்... டொக்... டொக்.

எழுந்தேன். கட்டிலைச் சத்தமில்லாமல் நகர்த்தினேன். கைப்பேசி விளக்கை இடுக்கில் வைத்துக் குனிந்து பார்த்தேன்.

கீழே ஆள் உயரத்துக்குமேல் இறக்கம். தரையில் சேறு. மழமழவென்று, கரண்டியால் தடவி வைத்த மாதிரி. கட்டை இல்லை. நண்டு ஓட்டைகூட இல்லை. எந்தத் தடமும் இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினேழு நொடி.

டொக்... டொக்... டொக்.

என் விரலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. விளக்கு வெளிச்சம் விழுந்த அதே இடத்தில். அங்கே ஒன்றுமே இல்லை.

அலறியிருக்க வேண்டும். உஷாவை எழுப்பியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நான் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

2:53. சத்தம் நின்றது.

ஒரு நிமிடம் முழுக்க ஒன்றுமில்லை. உஷாவின் மூச்சு மட்டும் கேட்டது.

அப்புறம்...

டொக்... டொக்... டொக்.

அவள் கட்டிலுக்குக் கீழே.

உஷா எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே பின்கதவுக்குப் போனாள். இருட்டில் கயிற்றைத் தொட்டாள். நாங்கள் இருவரும் சேர்ந்து அவிழ்க்க முடியாத முடிச்சு. ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

கதவு திறந்தது. படியில் இறங்கினாள்.

"உஷா."

கடைசிப் படியையும் தாண்டினாள்.

நான் கதவுக்குப் போனேன். நிலவு இருந்தது. சேறு வெள்ளையாக, கடல் வரைக்கும் விரிந்து கிடந்தது. உஷா அதன் மேல் நடந்துகொண்டிருந்தாள்.

மேல்.

கால் புதையவில்லை. தொழிற்சாலைத் தரையில் நடக்கிற மாதிரி நடந்தாள். இருபது அடி. முப்பது அடி.

கடைசிப் படிக்கு இறங்கினேன். ஒரு காலை வைத்தேன். முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. படியைக் கட்டிப்பிடித்துக் காலை உருவினேன்.

"உஷா!"

நடந்தாள்.

"உஷா! ஏய்!"

நடந்தாள்.

"உஷாராணி!"

நின்றாள். திரும்பினாள். அவள் முகம் தூங்குகிறவள் முகமாக இல்லை.

அந்த நொடியே உள்ளே போனாள்.

சளக்.

இடுப்பு வரை. அப்போதுதான் அலறினாள்.

"துளசீ! துளசீ... புடி!"

நான் படியிலேயே நின்றேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்து வீசவில்லை. ஓடவில்லை. அழகேசனைக் கூப்பிடவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மார்பு வரை போய்விட்டாள்.

அவள் அலறலைக் கேட்டுத்தான் அழகேசன் ஓடி வந்தார். கையில் கயிறு, நீளப் பலகை. சிப்பி பொறுக்குகிறவர்கள் சேற்றில் சறுக்கிப் போவதற்கு வைத்திருப்பார்களே, அந்தப் பலகை. கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டினார். பலகை மேல் குப்புறப் படுத்துக் கைகளால் தள்ளிக்கொண்டு போனார். உஷாவின் அக்குளில் கயிற்றை மாட்டினார்.

"இழும்மா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "ஏன் மா நிக்கிற? இழு!"

அப்புறம்தான் என் கை அசைந்தது. இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வலிக்கவில்லை.

3:26க்கு அவளைப் படியில் போட்டோம்.

உஷா சமையல் கொட்டகையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழகேசன் சேறு காயாத உடம்போடு போய்ப் பின்கதவை ஆணி அடித்து மூடினார். திரும்பி வந்து அடுப்பில் கோப்பி வைத்தார்.

"அது என்னாண்ணே?" என்றேன்.

"எனக்கு தெரியாதும்மா."

"முன்னாடி நடந்திருக்கா?"

"கோப்பி குடி."

விடிந்து தண்ணீர் ஏறியதும் வாக்கி டாக்கியில் படகைக் கூப்பிட்டார். 7:45க்கு வந்தது. கார் ஓட்டுகிற நிலைமையில் உஷா இல்லை. நான்தான் ஓட்டினேன். ராசா வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள்.

நான் கை கொடுக்காமல் நின்றதால் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நியாயமான கோபம்தான். மறுவாரம் அவள் இரவு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள். வாட்ஸப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். படித்தாள். பதில் போடவில்லை. அக்டோபர் வரை அப்படியே போனது.

அக்டோபர் இரண்டாம் வாரம், வியாழக்கிழமை. மாலை 6:40. நான் வேலை முடிந்து வெளியே வருகிறேன். அவள் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். இளைத்திருந்தாள். வழியில் போய் நின்றேன்.

"உஷா, அன்னிக்கி நான் ஒறஞ்சி போயிட்டேன். வேணும்னு நிக்கல. என்னை மன்னிச்சிரு."

"அதுக்கு நான் கோச்சிக்கல, துளசி."

"பின்ன?"

சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கி நான் தூக்கத்துல நடக்கல. ரெண்டு மணிக்கே முழிச்சிட்டேன். நீ லைட்ட வச்சிக்கிட்டு கீழ பாத்தியே, அதையும் பாத்தேன். பயத்துல கண்ண மூடிக்கிட்டு படுத்திருந்தேன்."

"சரி..."

"தட்டறது நின்னிச்சி இல்ல? அப்ப கீழ இருந்து ஒரு குரலு கேட்டிச்சி. பொம்பள குரலு. மெதுவா."

எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"'ரெண்டு பேருல யாரு?'ன்னு கேட்டிச்சி. நான் வாயத் தொறக்கல. தூங்கற மாதிரியே மூச்ச விட்டேன்."

பஸ் ஹார்ன் அடித்தது. மற்றப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"நீ பதில் சொன்ன."

"நானா?"

"உன் கொரலு எனக்கு தெரியாதா? 'பக்கத்து கட்டில்ல இருக்கா'ன்ன. அதுக்கப்புறம் என் காலு என் பேச்ச கேக்கல. அதுவா எறங்கி போச்சி."

நான் நின்றேன். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"கொஞ்சம் யோசிச்சிருந்தாகூட பரவால்ல, துளசி. நீ யோசிக்கவே இல்ல. ஒடனே சொன்ன."

வாசல் இயந்திரத்தில் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தீவில் அன்றைக்கு இரவு முழுக்க நான் விழித்திருந்தேன். ஒவ்வொரு நிமிடமும் எனக்குத் தெரியும். 2:53லிருந்து 2:54 வரை நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உதடு ஒட்டிக் கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் இந்தப் பத்து வருடத்தில் உஷா என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.