கெம்பம்மா வைக்காத சூடு

ஓசூர்ப் பக்கம் கம்பெனி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. ஜில்லா சேலம். ராகியும் கடலையும் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஊர்கள். அஞ்செட்டிக்குப் போகிற பாதையில் அப்படியொரு ஊரில் கெம்பம்மா இருந்தாள். பகலெல்லாம் கடலைக் காட்டில் கூலி வேலை. செவ்வாயும் வெள்ளியும் விடிந்தால் அவள் குடிசை முன்னால் பிள்ளையும் கையுமாகப் பெண்கள் நிற்பார்கள். காமாலையா, மாந்தமா, கெம்பம்மாவிடம் போ என்பதுதான் ஊர்ப் பேச்சு. விரலி மஞ்சளை ஆமணக்கெண்ணெய் விளக்கில் பற்றவைத்து இடது முன்கையில் மூன்று பொட்டு வைப்பாள். வைத்த இடத்தில் வெண்ணெய் தடவி, உப்பு புளி ஆகாது என்று சொல்லி அனுப்பிவிடுவாள். வெற்றிலை பாக்குக்கு மேல் எதையும் தொடமாட்டாள். தொட்டால் கை பலிக்காது என்று நம்பிக்கை.

அந்தச் சூட்டில்தான் காமாலை போனதா, தானாகப் போனதா, யார் கண்டது! ஆனால் மூன்று பொட்டு இல்லாத இடது கை அந்த ஊரில் கிடையாது. சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையிடம், “கெம்பம்மாவக் கூப்புடட்டா?” என்று தாய் கேட்டால் போதும், களி உருண்டை பேசாமல் உள்ளே இறங்கும். அதைக் கேட்டு அவளும் சிரிப்பாள். என் பேரைச் சொல்லி ஊட்டுகிற களியில் எனக்கும் ஒரு உருண்டை கொடுங்களடி என்று கேலி பேசுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஊரே தன் பேரைச் சொல்கிறதே!

ஒரு நாள் காலையில், கடலை பிடுங்கப் போகிற நேரத்தில், செல்லி என்கிற பெண் ஒரு நாட்டுக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அஞ்செட்டிக்கு மேலே மலையூர்க்காரி. புருஷன் செத்துப்போனவள். மழை பொய்த்த வருஷம், மகளாவது வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று, பெரிய பண்ணைக்காரர் முனிவேல் வீட்டில் கைக்குழந்தை பார்த்துக்கொள்ள விட்டுப்போயிருந்தாள். மகள் பேர் முனிலட்சுமி. எட்டு வயசோ ஒன்பது வயசோ. பஸ் ஏது, வண்டி ஏது? அறுப்புக்கு ஒரு தடவை நடந்து வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவாள்.

கோழியைக் கீழே வைத்துவிட்டு செல்லி கெம்பம்மாவின் காலில் விழப் போனாள்.

“எம் பொண்ண பொழைக்க வெச்சீங்கக்கா. அத்தன தடவ சூடு வெச்சும் ஒரு வெத்தலகூட வாங்கலயாம். மங்கம்மா சொன்னாங்க.”

மங்கம்மா என்பது முனிவேலின் பெண்சாதி. கெம்பம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பிள்ளையின் முகம் சிவப்பா கறுப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எண்ணி, சூடு எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

“முதுவுல இருக்குது. தொடையில இருக்குது. இப்பப் பாத்தேன், புதுசா கழுத்துக்குக் கீழ ஒண்ணு.”

“தொடையிலயா?”

“நீளமா, வெரலு நீளத்துக்கு. எம் புள்ளைக்கு இழுப்பு ஜாஸ்தியாம், அதான் பெருசா வெச்சீங்களாம்.”

கெம்பம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொடையில் சூடு வைக்கிற வைத்தியம் எந்த ஊரில் இருக்கிறது? மஞ்சள் துண்டு விரல் நீளத்துக்குச் சுடுமா? செல்லியின் முகத்தைப் பார்த்தாள். நன்றி தவிர அதில் வேறொன்றும் இல்லை. பெற்றவள் தன் பிள்ளையின் புண்ணைப் பார்த்துவிட்டு, அதற்குக் கூலியாகக் கோழி கொண்டுவந்திருக்கிறாளே! பாவி மனசு, எப்படிச் சொல்வது இவளிடம்? சொல்லாமல் இருப்பதுதான் எப்படி?

சொன்னாள். அது தன் சூடு இல்லை என்றதைச் செல்லி முதலில் நம்பவில்லை. மூன்று வேளைச் சோறு போடுகிற வீட்டை ஏன் பழிக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டாள். கெம்பம்மா செல்லியின் இடது கையை எடுத்துத் திருப்பினாள். மலையூரில் எப்போதோ வைத்த மூன்று பொட்டு அதிலும் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே, இதைத் தவிர வேறு சூடு எனக்குத் தெரியாது என்றாள். செல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. கோழியை விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். கெம்பம்மாவும் பின்னாலேயே போனாள்.

பண்ணை வீட்டுக் களத்தில் ஆட்கள் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். முனிவேல் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். செல்லி மூச்சு வாங்க, என் பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்றாள். காரணத்தையும் சொன்னாள். மங்கம்மா வாசலுக்கு வந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

“ஏன் கெம்பம்மா, நீ வெச்ச சூட்ட நீயே இல்லேங்கறயா? ஊருக்கே தெரியுமே.”

ஊருக்குத் தெரியும்தான். கடலை ஆய்ந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்த்தவர்கள். சூடு என்றால் கெம்பம்மா, அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஆமாம் என்பதுபோல் இரண்டு மூன்று தலைகள் ஆடின. கெம்பம்மா தான் இந்த வாசலை மிதித்தே வருஷமாயிற்று என்று சொல்லிப் பார்த்தாள். கூலிக்காரி பேச்சு அம்பலம் ஏறுமா? கடைசியில் முனிவேல் சலித்துப்போய், பிள்ளையையே கேட்டுவிடுங்கள், அது பொய் சொல்லாது என்றார்.

முனிலட்சுமி மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தாள். இடுப்பில் மங்கம்மாவின் குழந்தை. அதன் தலை சாயாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டும் ஓடிவரவில்லை. மங்கம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். உனக்குச் சூடு வைத்தது யார் என்று முனிவேல் கேட்டார்.

“கெம்பம்மா,” என்றாள் பிள்ளை.

களத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செல்லி திரும்பிக் கெம்பம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவள் சாகிறவரை மறக்கவில்லை. கெம்பம்மாவுக்கு வேறு பயம் வந்தது. பழியை விடு, பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவாளே இவள்! மெல்லக் குனிந்து, குரலைத் தணித்து அவளே கேட்டாள்.

“கண்ணு, கெம்பம்மா எங்க இருக்கறா? இங்க இருந்தா காட்டு.”

பிள்ளை அங்கிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். கெம்பம்மாவின் முகத்தையும் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

“அடுப்புல சொருகி இருக்கறா. பாப்பா அழுதா இந்தம்மா கெம்பம்மாவ எடுத்துட்டு வருவாங்க. இன்னிக்கு நான் பாப்பாவ அழவே விடல.”

ஒரு கிழவன் எழுந்துபோய் அடுப்படியை எட்டிப்பார்த்தான். காம்பு தீய்ந்த இரும்புக் கரண்டி ஒன்று சாம்பலில் செருகியிருந்தது. அதைக் கொண்டுவந்து களத்தில் போட்டான். பிள்ளை அதைக் கண்டதும் பின்னால் நகர்ந்தாள், நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனாள். அப்போதும் குழந்தையின் தலையைத் தாங்கிய கையை எடுக்கவில்லை.

முனிவேல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். ஒரு மண்ணும் இல்லை. மறுநாளும் அந்தக் களத்துக்குக் கூலிக்கு வரவேண்டிய ஜனங்கள் கடலைச் செடியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. செல்லிதான் நேராகப் போய், மகளின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கி மங்கம்மாவின் கையில் கொடுத்தாள். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: அதற்குப் பிறகு கெம்பம்மா மஞ்சளைப் பற்றவைக்கவே இல்லை. காமாலைப் பிள்ளையோடு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். கர்வம் பிடித்தவள் என்று ஊர் ஏசியது. பட்டும் படாமலும் மூன்றே பொட்டு என்றாலும், அந்தப் பிள்ளைகளும் கத்தியதுதானே, தாய்மார் அமுக்கிப் பிடித்துக்கொள்ளத்தானே வைத்தோம் என்று அவளுக்குள் ஓடியதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் பேரைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டிய ஒருத்தியை மட்டும் தெருவில் வைத்து அடிக்கவே போய்விட்டாள்.

அன்றைக்கு, ஊர் எல்லை ஓடை வரைக்கும் செல்லியோடும் மகளோடும் கெம்பம்மா நடந்தாள். விட்டுவந்த கோழியை எடுத்துவந்து செல்லியிடம் திருப்பிக் கொடுத்தாள். செல்லி மன்னிப்புக் கேட்கப் போனபோது கையமர்த்தினாள். ஓடையில் பிள்ளையை இறக்கி, காலைக் கழுவிவிட்டாள். புண்ணில் படாமல் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். முனிலட்சுமிக்கு அந்தக் கை பிடித்துப்போயிற்று. முதல்முறையாகத் தானாகவே வாய் திறந்தாள்.

“உம் பேரு என்ன?”

செல்லி சொல்ல வாயெடுத்தாள். கெம்பம்மா அவசரமாக அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“அத்தைன்னு கூப்புடு கண்ணு,” என்றாள். “எனக்குப் பேரு இல்ல.”