கேள்வி மட்டும் கேட்கலாம்

மதகடிப்பட்டு நிறுத்தம் வருவதற்குள் பதினேழு தாள்களின் முதல் பத்தியை வெட்டி முடித்துவிடுகிறாள் மகாலட்சுமி. பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் கத்தரிக்கோலை உயரத் தூக்கிக்கொள்வாள். 'இன்றைய நவீன உலகில்', 'அன்பு என்பது ஆண்டவன் தந்த வரம்' என்று மாணவர்கள் தொடங்கிய வரிகளெல்லாம் துண்டு துண்டாக மடியில் விழும். பக்கத்துச் சீட்டுக்காரருக்கு எரிச்சல் வரும்.

"குப்ப போடற எடமாம்மா இது?"

"குப்பதாங்க. அதான் வெட்றேன்."

இறங்கும்போது ஒரு துண்டு விடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வாள். மாணவர்களும் பழகிவிட்டார்கள். இரண்டாம் ஆண்டு கௌதம் தாளின் தலையில் நாலு வரி கிறுக்கி, அடியில் கோடு இழுத்து, 'மிஸ், இது வெட்டுவதற்கு' என்று எழுதியே கொடுக்கிறான்.

மகா பனித்திட்டு மீனவக் கிராமத்துப் பெண். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். நான் கரும்புக் கொல்லையிலிருந்து வந்தவன். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து முதுகலை படித்தோம். இப்போது ஒரே தனியார் கல்லூரியில் தமிழ்த்துறையில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். என் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். கதை எழுத ஒரு பட்டமா என்று ஊரே சிரித்த அந்தப் பட்டத்தைக் கண்ணாடி போட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறேன். உன்னுடையது எங்கே என்று மகாவிடம் கேட்டேன். "பீரோ ஆடுதுடா குமரா. காலுக்குக் கீழ வச்சிட்டேன்" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். பிறகொரு நாள் அவள் வீட்டுக்குப் போனபோது குனிந்து பார்த்தேன். நாலாக மடித்து வைத்திருந்தாள்.

அந்தக் கோபம் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். நான் அந்த அறையில் இருந்தேன். எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் தன் கதையை வாசிக்க வேண்டும். பிறகு நாற்பது நிமிடம் மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. மகா ஒரு சுனாமிக் கதை வாசித்தாள். வீடும் வலையும் போன ஒருத்தி நிவாரண வரிசையில் நிற்கிறாள். கொடுத்த புடவையைத் திருப்பி நீட்டி, "ஊதாக் கலரு வாணாம், பச்ச இருந்தா குடு" என்று மல்லுக்கு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. கடலைச் சனிக்கிழமை சாயங்காலத்தில் மட்டும் பார்த்திருந்தவர்கள் அதைப் பிய்த்துப் போட்டார்கள். கடைசியில் பேராசிரியர், "எல்லாவற்றையும் இழந்தவள் நிறம் பார்க்க மாட்டாள், நம்பும்படி இல்லை" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிறுத்தவில்லை. "ஆமாம் சார், பாத்திரம் வலுவாக இல்லை" என்று வேறு சொன்னேன்.

நாற்பது நிமிடமும் மகா மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேன்டீனில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அது எங்கம்மாடா, வெங்காயம்."

அதனால் இவள் வகுப்பில் எல்லாம் தலைகீழ். எழுதியவர் பேசலாம். கேட்பவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். அதற்கும் பதில் ஒரு பொருளாகவோ பேராகவோ எண்ணாகவோ இருக்க வேண்டும். நல்லா இருக்கு என்று சொன்னாலும் நல்லா இல்லை என்று சொன்னாலும் வெளியே போக வேண்டியதுதான்.

ஆசிரியர் அறையில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் இரண்டு பேர் எழுந்து ஜன்னலைத் திறக்கிறார்கள். அவர்கள் மீன் தின்னாதவர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமைக்கு இவளிடமே வஞ்சிரம் சொல்லிவைக்கிறவர்கள். முதல் தடவை ஜன்னல் திறந்த வாரத்திலிருந்து மகா புதன்கிழமை தவறாமல் நெத்திலிக் கருவாடு கொண்டுவருகிறாள். மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கை கழுவ ரொம்ப தூரம் போய் வருவாள்.

இந்த ஆண்டு சுவேதா என்ற பெண் ஒரு தாள் கொடுத்தாள். 'தாய் தியாகத்தின் திருவுருவம்' என்ற தொடக்கம் கத்தரிக்கோலுக்குப் போயிற்று. மிஞ்சியது இரண்டு வரி. 'அம்மா கம்பெனிக்குப் போகிறாள். மாலையில் வந்ததும் முதலில் கழிப்பறைக்குத்தான் ஓடுகிறாள்.' அதை எழுந்து வாசித்தாள்.

"இன்னா கம்பெனி?" என்றான் கௌதம்.

"சேதராப்பட்டுல. துணி தைக்கிறது."

"அங்க கக்கூஸ் இல்லியா?"

"இருக்குது."

"அப்புறம் ஏன் வூட்டுக்கு வந்து ஓடறாங்க?"

சுவேதா தாளைப் புரட்டிப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ, "மிஸ், சூப்பரா..." என்று இழுத்தான்.

"எந்திரிச்சிப் போ."

"மிஸ், சூப்பர்வைசர் யாருன்னு கேக்க வந்தேன் மிஸ்!"

வகுப்பே சிரித்தது. சுவேதா சிரிக்கவில்லை. மகா அவளிடம் போய், "தெரியலன்னா கேட்டுனு வா" என்றாள்.

நாலு வாரம் அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மா சின்னபொண்ணு, "இன்னாத்துக்குடி இதெல்லாம்?" என்பாள். "காலேஜுக்குமா" என்பாள் இவள். கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். டோக்கன் சூப்பர்வைசர் மேசைமேல் இருக்கும். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும், அதனால் பெண்கள் குடிப்பதில்லை. வகுப்பு விடவில்லை. மேசை எந்தப் பக்கம், எத்தனையாவது தையல் லைன், அந்த ஆள் எப்படி இருப்பார்? மூன்றாம் லைன், கட்டைவிரலில் எப்போதும் பிளாஸ்டர் போட்டிருப்பவர். இரண்டு வரி மூன்று பக்கமாயிற்று.

பருவ முடிவில் நல்ல தாள்களை வராண்டாச் சுவரில் ஒட்டுவது எங்கள் பல்கலைக்கழகத்துப் பழக்கம். அங்கே அதைப் படித்தவர்கள் நாங்களே பத்துப் பேர். இங்கே வேறு யாராவது படிப்பார்கள் என்று மகாவுக்குத் தோன்றவில்லை. சுவேதாவின் மூன்று பக்கத்துக்கும் டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரியில் அதே கம்பெனி எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தது. வந்த மேலாளர் டீ வரும்வரை வராண்டாவில் நின்றார். சுவரைப் படித்தார். அத்தனை துல்லியமாக எழுதியிருந்தால் யார் வீட்டுக் கதை என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறப்போன சின்னபொண்ணுவிடம் டிரைவர், "உன் பேரு லிஸ்ட்ல இல்லக்கா" என்றார். அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான்.

ஒன்றுக்குப் போக டோக்கன் வைத்தவன் மேல் எங்கள் கல்லூரியில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. அதைச் சுவரில் ஒட்டியவள் மேல் எல்லோருக்கும் வந்தது. பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். பொம்பளைப் பிள்ளைகளை அசிங்கத்தை எழுதச் சொல்வதா என்று கேட்டார்கள். தமிழ் படித்தவர்கள், மேடையேறினால் உழைப்பாளியின் வியர்வைக்கு உவமை தேடுகிறவர்கள். நான் பட்டம் வாங்கியது இவர்களோடு ஒரே அறையில் உட்காரத்தானா என்று அன்றைக்குத் தோன்றியது.

மைதானத்து வேப்பமரத்தடியில் மகா என்னிடம் சொன்னாள்: "நாந்தான்டா கேட்டுனு வா, கேட்டுனு வான்னு அந்தப் பொண்ணத் தொரத்துனேன். பேர மாத்துன்னு ஒரு வார்த்த சொல்லல. கட்டவிரலு பிளாஸ்டரு வரிக்கும் கேட்டன் பாரு." சற்று நேரம் செருப்பால் மண்ணைக் கிளறினாள். "அங்க நம்பற மாதிரி இல்லன்னானுங்க. இங்க நம்பற மாதிரி இருக்குதுன்னு ஒருத்தி சோத்துல மண்ணப் போட்டுட்டானுங்க."

போன வெள்ளிக்கிழமை முதல்வர் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாமலே நானும் போனேன். சுவேதாவும் சின்னபொண்ணுவும் சுவரோரம் நின்றிருந்தார்கள். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. மகா இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றாள்.

மேசையில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று இருந்தது. சுவரில் ஒட்டியது முழுக்க முழுக்கக் கற்பனை, ஆசிரியை தூண்டி எழுதவைத்தார் என்று அதில் இருந்தது. தாயும் மகளும் கையெழுத்துப் போட்டால் திங்களன்று சின்னபொண்ணு பஸ் ஏறலாம்.

"வருசத்துக்கு முப்பது பிள்ளைங்களுக்கு வேலை குடுக்கிற கம்பெனிம்மா" என்றார் முதல்வர். "உங்க கதையால அதுவும் போகணுமா?" அவர் கெட்டவர் இல்லை. அந்த முப்பதை அவர் நிஜமாகவே எண்ணிப் பார்க்கிறவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மகா சின்னபொண்ணு பக்கம் திரும்பினாள். "போட்டுடுங்கக்கா. தப்பு என்னுது. எனக்கு இன்னா ஆவும்னு பாக்காதீங்க."

சின்னபொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பிடி இன்னாதான்டி எழுதிக்கிற? படி, கேப்போம்."

"லெட்டராமா?"

"அத்த இல்லடி. செவுத்துல ஒட்னது."

சுவரிலிருந்து பிய்த்த தாள் முதல்வரின் கோப்பில் இருந்தது, மூலைகளில் டேப்போடு. அவர் தயங்கினார். மகா கை நீட்டி எடுத்து சுவேதாவிடம் கொடுத்தாள். பெண் எழுந்து நின்று வாசித்தாள். தொடங்கும்போது அவசர அவசரமாகப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் நிதானம் வந்துவிட்டது. சின்னபொண்ணு தன் கால் விரல்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். 'மூன்றாம் லைனில் நாற்பத்தாறு பேர். டோக்கன் இரண்டு' என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினாள்.

"ரெண்டு இல்ல."

"என்னம்மா?" என்றார் முதல்வர்.

"ரெண்டு இருந்துச்சி சார், தீவாளி வரிக்கும். ஒன்ன எடுத்துட்டாங்க. இப்ப ஒன்னுதான்."

"இப்ப அதாம்மா பிரச்சன? இதுல கையெழுத்த..."

"நாப்பத்தாறு பேருக்கு ஒன்னு சார்" என்றாள் சின்னபொண்ணு. கடிதத்தை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள். அது பாதி மேசை வரைக்கும் போய் நின்றது.

கையெழுத்துக்கென்று மூடி கழற்றி வைத்திருந்த பேனாவை மகா எடுத்தாள். அதை சுவேதாவின் கையில் கொடுத்துவிட்டு, அவள் வாசித்த தாளை மேசைமேல் விரித்து, 'இரண்டு' என்ற சொல்லுக்குக் கீழே விரலை வைத்தாள்.