தரையில் உட்காராதே

நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் ஒப்படைத்து இரண்டு மாதமாகிறது. குடும்பத்தில் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "நீங்க எழுதினாத்தான் நாலு பேரு கடைசிவரைக்கும் படிப்பாங்க, தம்பி" என்றார். வேடிக்கைக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு இழவு வீட்டிலும் ஓய்வில்லை. அண்ணன் போன இந்த ஒரு வருஷத்தில் என் வேடிக்கை எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் அண்ணி சொல்லைத் தட்ட முடியாது.

அண்ணன் பிறந்தது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊரில். அப்பாவுக்குக் குத்தகை நிலம். ஆற்றில் தண்ணீர் வந்தால் சம்பா, வராவிட்டால் கவலை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவர் அண்ணன். அப்பா வண்டியிலிருந்து விழுந்து கால் விந்தி நடந்ததைப் பார்த்துத்தான் அண்ணன் எலும்பு மருத்துவரானார் என்று உறவில் ஒரு கதை உண்டு. இந்த மலரிலேயே வேறு யாராவது அதை எழுதியிருப்பார்கள். நான் அண்ணனிடமே கேட்டிருக்கிறேன்.

"குழந்தை வைத்தியம்தான்டா ஆசை. மார்க்குக்கு எலும்புதான் கெடச்சுது. கெடச்சதச் செய்யறேன்" என்றார்.

கிடைத்ததை உடம்பு விழும்வரை செய்தார். பகலில் அரசு மருத்துவமனை, மாலையில் தஞ்சாவூர் கிளினிக், ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர். வாசல் பெஞ்சைப் பார்த்தே வயலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். நடவு முடிந்தால் இடுப்பையும் முழங்காலையும் பிடித்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். அறுவடை மிஷின் இறங்கினால் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆண்கள். தீபாவளிக்கு மறுநாள் புது பைக் வாங்கியவர்கள். மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் அத்தனை பேருக்கும் கடைசியில் ஒரே உத்தரவு: தரையில் உட்காரக் கூடாது.

ஒரு அம்மாள் மட்டும் திருப்பிக் கேட்டார். "திங்கிறது, படுக்கிறது, புளி ஆயிறது எல்லாமே தரையிலதாங்கய்யா. நான் என்ன அந்தரத்துலயா தொங்கறது?"

அண்ணன் கிளினிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி அவர் வந்த ஆட்டோவில் வைத்தார். செய்தி பரவியது. அடுத்தடுத்து நாற்காலிகள் ஆட்டோ ஏறின. கடைசியில் முழங்கால் வலியோடு வந்தவர்கள் நின்றுகொண்டு காத்திருந்தார்கள்.

அண்ணனும் உட்கார்ந்ததில்லை. எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்காக நிற்பார். அந்தக் கனம் தோளில் ஏறி, மெல்ல இடுப்பில் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். "தரையில வேண்டாம், நாற்காலியிலயாவது உட்காருங்களேன்" என்பார் அண்ணி. "உட்காந்தா எழுந்திரிக்கத் தோணாது" என்பார் அண்ணன்.

இனி நான் உள்ளே வருகிறேன். என்னைச் சொல்லாமல் அண்ணனைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஆற்றங்கரைச் சாலையில் ஆட்டுக்குட்டிக்கு வழிவிடப் போய் பைக்கோடு வாய்க்காலில் இறங்கினேன். ஆட்டுக்குட்டி நலம். என் இடுப்பு மூட்டு நொறுங்கிவிட்டது.

"தம்பி உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன். திருச்சியில என்கூடப் படிச்சவரு இருக்காரு, அனுப்பறேன்."

"அவரு யாரோ, நான் யாரோ. நீங்க செய்யலன்னா இப்படியே கெடக்கறேண்ணே."

"கெட. சத்தம் போடாமக் கெட."

சத்தம் போட்டேன். வார்டே கேட்கும்படி போட்டேன். மறுநாள் அவரே மூட்டை மாற்றினார்.

இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. வாய் விழித்திருந்தது. பயத்தில் எதையெதையோ பேசிக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. "என்னண்ணே, தச்சு வேலை மாதிரி இருக்கு?"

"தச்சு வேலைதான்டா. மரம்தான் வாய மூட மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் என் கட்டிலருகே கிடந்த வீல்சேரில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், நோயாளி அவர்தான் என்று நினைத்து ஆரஞ்சுப் பழத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார். யாரும் எழுப்பவில்லை.

எனக்கும் அதே உத்தரவுதான். கூடுதலாகப் படிக்கட்டுப் பாடம். "ஏறும்போது நல்ல கால் முதல்ல. எறங்கும்போது நான் தொட்ட கால் முதல்ல."

பிறகு அண்ணனுக்கு இதயம் தளர்ந்தது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. அவருக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான்தான் என்பது இருவருக்கும் தெரியும். பேசியதில்லை. ஒரு நாள் அவரே எடுத்தார்.

"எனக்குக் காரியம் செய்யறப்ப தரையில உட்காந்துடாத. மூட்டு கழண்டுடும். திருப்பி மாட்டிவிட நான் இருக்க மாட்டேன்டா."

நான் அவர் தலையணையை உயர்த்தி வைத்தேன்.

அண்ணன் இறந்த பதினாறாம் நாள், வெண்ணாற்றுப் படித்துறை. ஐயர் மணைப் பலகையைக் காட்டி, "உட்காருங்கோ" என்றார். நான் அண்ணன் உத்தரவைச் சொன்னேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாற்காலியில உட்காந்து பிண்டம் வச்சா அவனுக்கு எப்புடிடா போய்ச் சேரும்? ஒரு நாளு உட்காந்தா உசுரா போயிடும்?"

உட்கார்ந்தால் மூட்டு போகும். உட்காராவிட்டால் அண்ணனுக்குச் சோறு போகாது. இரண்டையும் நம்புகிற கோழை நான். சரி, போகட்டும் என்று முழங்காலை மடக்கப் போனேன். காதுக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். மூட்டு இல்லை, பயம்தான். அப்படியே பாதியில் நின்றேன்.

அப்போது அண்ணி சித்தப்பாவிடம் கேட்டார். "சின்ன மாமா, நீங்க ஏன் நாற்காலியில உட்காந்திருக்கீங்க?"

சித்தப்பா தன் முழங்கால்களைக் குனிந்து பார்த்தார். இரண்டுமே அண்ணன் மாற்றி வைத்தவை. "அவன்தான் கீழ உட்காரக் கூடாதுன்னு…" என்று தொடங்கி நிறுத்தினார். கரையில் இருந்தவர்களை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பாதிப் பேர் நாற்காலியில் இருந்தார்கள், மீதிப் பேர் நின்றார்கள். ஒருவரும் தரையில் இல்லை.

சித்தப்பா சிரமப்பட்டு எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "இந்தா, உட்காந்து செய்" என்றார். அழுதுகொண்டிருந்தார். ஐயர் இலையை ஒரு பெஞ்சின்மேல் ஏற்றி வைத்தார்.

பிண்டத்தை ஆற்றில் விட நானே படியிறங்கினேன். எந்தக் கால் முதலில் என்று யோசிக்கவில்லை. அண்ணன் தொட்ட கால் தானாக முன்னே போனது.

கடைசி நாட்களில் அண்ணனைத் தூக்கிப் படுக்க வைத்துத் துடைத்துவிட்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், தியேட்டரில் அவரோடு கால் கடுக்க நின்றவர்களுக்கும், அன்று கரைக்கு வந்து நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்று முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் நாற்காலி போட்டிருக்கிறோம். மரியாதைக்காக யாரும் தரையில் உட்கார்ந்துவிட வேண்டாம். மாட்டிவிட அண்ணன் இல்லை.