லவினாவின் பெட்டிகளுக்குத் தலைப்பு வந்த வியாழக்கிழமை

விவேக் நகரில் போன வாரம் கிளம்பிய வதந்தி இது: மூன்றாவது கிராஸ் தெரு லவினாவுக்குக் கனடா விசா கிடைத்துவிட்டதாம், ஆபீஸிலேயே நாற்காலி மேல் ஏறிக் கத்தினாளாம். விசாரித்ததில் நாற்காலி மட்டும் நிஜம். கனடா, பேக்கரிக்காரர் சேர்த்துக்கொண்டது.

லவினா ஒரு லிஃப்ட் கம்பெனியில் கையேடு எழுதுகிறவள். அலங்காரமில்லாத வெறும் எழுத்தாக ஒரே கோப்பில் எழுதுவாள். மென்பொருள் அதை வலைப்பக்கம், பிடிஎஃப், போனில் படிக்கும் மின்நூல் என்று மூன்று வடிவமாகச் சுட்டுத் தரும். எச்சரிக்கைகள் பெட்டி கட்டி வரும். வம்பே அந்தப் பெட்டிகளில்தான். எல்லாவற்றின் தலையிலும் 'நோட்' என்ற ஒரே சொல். கரண்டை நிறுத்தச் சொல்லும் பெட்டியும் எண்ணெய்த் துணியைக் கீழே போடாதே என்னும் பெட்டியும் மெக்கானிக்குகளுக்கு ஒரே ரகம். இரண்டையும் தாண்டிப் போனார்கள்.

பெட்டிக்குப் பெட்டி தலைப்பு வைத்தாள் லவினா. வலைப்பக்கத்தில் வந்தது. மற்ற இரண்டும் விழுங்கிவிட்டன.

மேனேஜர் உமேஷ் கெடு வைத்தார். "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மூணுலயும் வரணும்மா. இல்லேன்னா இந்த வேலைய புனே ஏஜென்சிக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க."

அதாவது, லவினாவின் வேலையை. வியாழன் காலை குழந்தை இயேசு கோயிலைத் தாண்டும்போது பஸ்ஸிலிருந்தே நேர்ந்துகொண்டாள்: வடிவத்துக்கு ஒன்றாக மூன்று மெழுகுவர்த்தி.

மத்தியானம் பிடிபட்டது. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு. அந்த இரண்டு அச்சிலும் தலைப்புக்கென்று இடமே விடவில்லை. விட்டாள், பொத்தானை அழுத்தினாள். மூன்றிலும் தலைப்புகள் கொழுகொழுவென்று வந்து உட்கார்ந்தன. நாற்காலி ஏறியது அப்போதுதான்.

"அக்கா, இறங்குங்க! அதுக்கு சக்கரம் இருக்கு!" என்று அலறினாள் பக்கத்து மேஜை ரக்ஷிதா.

"இருக்கட்டும்டி! பாரு, எல்லாத்துலயும் வருது!"

ஓடிவந்த உமேஷ் பிடிஎஃபைப் புரட்டினார். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றால் என்ன செய்வது என்ற பெட்டியில் அவர் கண் நின்றது. தலைப்பு: 'இன்ஃபண்ட் ஜீசஸ், சேவ் மீ'. சோதனைக்கு லவினா போட்டு, எடுக்க மறந்தது.

"என்னம்மா இது? மெக்கானிக்குக்கா, உள்ள மாட்டினவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும் ஆகும் சார்," என்றாள் ரக்ஷிதா.

லவினா கோப்பில் ஒரே இடத்தில் திருத்தினாள். மூன்றும் திருந்தி வந்தன. "சக்கத்தா இருக்கு," என்று கன்னடம் கலந்து பாராட்டினார் உமேஷ். புனே பேச்சு அதோடு நின்றது.

அன்று மாலையே இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். மூன்றாவது இன்னும் கைப்பையில். போனில் நீளமான தலைப்புகள் இரண்டு வரியாக உடைகின்றனவாம். "அது ஒரு வரியில வரட்டும், அப்புறம் ஏத்தறேன்," என்று குழந்தை இயேசுவிடமே பேரம். வெயிலில் மெழுகுவர்த்தி வளைய ஆரம்பித்திருக்கிறது.