ஐம்பத்தெட்டிலேயே நின்ற திரை

அம்மா வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனிக்கு ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். குழாய்களில் மருந்து நிரப்பும் அறையின் ஈரப்பதத்தை ஒரு கருவி அளக்கும். அலுவலகத் திரை அதைக் காட்டும். காற்று காய்ந்தால் துணி உரசினாலே பொறி வரும். எண் நாற்பதுக்குக் கீழே போனால் வேலையை நிறுத்த வேண்டும். அந்த அறையில்தான் அம்மா உட்காருவாள்.

ஆடி மாதம் லீவில் போயிருந்தேன். வெளியே உதடு வெடிக்கிற காற்று. திரையில் 58. வெகுநேரம் பார்த்தும் அதே 58.

"அண்ணாச்சி, இது கடைசியா எப்ப மாறுச்சு?"

"நல்லதுதான தாயி, மாறாம இருக்கு," என்றார் போர்மேன்.

கருவி தரும் எண்ணை வாங்க என் நிரல் பயன்படுத்தும் ஆயத்தத் தொகுப்பான பேக்கேஜின் பழைய பதிப்பு, கருவி பதில் தராவிட்டால் பிழை என்று நின்றுவிடும். புதியது கடைசி எண்ணையே திருப்பித் தரும். அதனால் பழையதைத்தான் போட்டிருந்தேன். எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கணினியில் கட்டளை கொடுத்துக் கேட்டேன். பழையதே இருப்பதாகச் சொன்னது.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நிரலுக்குள்ளேயே ஒரு வரி சேர்த்து, நீ எந்தப் பதிப்பை எடுக்கிறாய் என்று கேட்டேன். புதியது என்றது. பில் போடும் மென்பொருளோடு, நிரலை ஓட்டும் பைத்தான் இன்னொன்றும் புதிய பேக்கேஜோடு கணினிக்குள் வந்திருந்தது. நான் கேட்டது ஒன்றிடம். நிரல் ஓடியது மற்றொன்றில்.

கருவியின் வயரை எலி கடித்திருந்தது. எத்தனை நாளாக என்று தெரியாது.

"இப்ப எம்புட்டு இருக்கு?"

"தெரியாது அண்ணாச்சி. அதான் நிறுத்தச் சொல்றேன்."

"தெரியாதுங்கதுக்காக தீவாளி சீசன் லோட நிறுத்த முடியுமா?"

அறை வாசலுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் மட்டும் எந்திரிச்சா மத்தவுக என்ன செய்வாக? நீ தள்ளி நில்லுட்டி."

சாயங்காலம் வரை வேலை நடந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா, நீதான் பயந்த," என்றார் போர்மேன்.

வயரை மாற்றினேன். சரியான பதிப்பைச் சரியான இடத்தில் போட்டேன். அடுத்த வாரமே திரை முப்பத்தாறு காட்டியது. அவர் போன் செய்தார்.

"தாயி, முன்ன மாதிரி அம்பத்தெட்டுலயே நிக்கிற மாதிரி வச்சுத் தர முடியுமா? பாக்குற சனம் பயப்படுதுல்ல."

முடியாது என்றேன். திரையை அணைத்துவிட்டார்கள். அம்மா இன்றும் காலை ஏழு மணி வேனில் போகிறாள்.