சம்மதம் கேட்க வந்தவர்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் அவனியாபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவரை வேலைக்குக் கேட்டு வந்த ஒப்பந்தக்காரர், அவரிடம் பேசும் முன்பே என்னைக் கூப்பிடச் சொன்னார்.

சிம்மக்கல்லில் அவருக்கு அலுவலகம். வடக்கே எங்கோ மலைக்குள் அணை வேலை எடுத்திருந்தார். ரயிலை விட்டு இறங்கி, அப்புறம் ஒரு பகல் முழுக்க லாரியில் போக வேண்டுமாம். வேலை எதுவரை வந்திருக்கிறது, செலவு கைமீறுகிறதா, சிமெண்டு எப்போது வந்து சேர வேண்டும் என எல்லாவற்றையும் ஒருவரே கண்காணிக்க வேண்டும். கண்ட்ரோல் மேனேஜர் என்று அதற்குப் பெயர். முன்பு போன இருவரும் வீட்டு நினைப்பில் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். அதிலிருந்து, வீட்டுக்காரியிடம் கேட்காமல் அவர் ஆள் எடுப்பதில்லை.

நான் கதவோரம் நின்றேன்.

"தங்கச்சி, மாப்ளய அனுப்புறியா? அம்புட்டுத் தூரம். மழை பிடிச்சா கடுதாசிகூட வராது. இப்பவே சொல்லிப்புடு, பெறகு அழுகக் கூடாது."

"அவ எங்கண்ணே பேசப்போறா? எங்கிட்டயே எண்ணித்தான் பேசுவா" என்று கணவர் சிரித்தார்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னையும் கூட்டிப்போகலாமா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். வேற்று ஆள் முன்னால் அதை எப்படிக் கேட்பது?

"அங்க சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க?" என்றேன். சமைக்க நான் வருகிறேன் என்பதை எனக்கு அப்படித்தான் சொல்ல வந்தது.

ஒப்பந்தக்காரர் தொடையில் தட்டினார். "சாப்பாட்டக் கேட்டுருச்சுல்ல, அப்பச் சம்மதந்தான்! மாப்ள, பொட்டியக் கட்டு. மெஸ்ஸு இருக்கு தங்கச்சி, நம்மூரு சமையக்காரருதான்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் காபி எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

ஆடி கழிந்து கிளம்பினார். சாயங்காலம் பக்கத்து வீட்டில் யாராவது வாளியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவும் சத்தம் கேட்டால், அவர்தான் வந்துவிட்டார் என்று எழுந்து நிற்பேன். ஊரே மழைக்கு ஏங்கியபோது, அந்த மலையில் மட்டும் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

பொங்கலுக்கு வந்தார். சாப்பிடும்போது, "அங்க ரெண்டு மூணு பேரு குடும்பத்தோட இருக்காங்க. தகரக் கொட்டகைதான்" என்றார்.

"என்னைய நீங்க கூப்பிடலையே."

"நீயும் வாரேன்னு சொல்லலையே. அந்தக் குளிருக்கு எப்படிக் கூப்பிடுறதுன்னு இருந்துட்டேன்."

குழம்பை ஊற்றிக்கொண்டே, "இப்ப வாரேன்" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

பிள்ளை நடக்கத் தொடங்கியபோது அணை வேலை முடிந்து அவரே வந்துவிட்டார். அந்த மலையை நான் பார்க்கவே இல்லை.