கொய்யாப்பழ ஜாம் காய்ச்சிய அன்று

அன்று காலை என் மகளின் வயிற்றில் நான் பார்த்த சிவப்பு வேர்க்குருவா, அம்மையா? ஐந்து வருஷமாக இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதாவது உண்மைதானா என்றும் சில நாள் சந்தேகமாக இருக்கிறது.

நேற்று பாக்கியத்திடமிருந்து கடிதம் வந்தது. காலாண்டு விடுமுறைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு எழுமலையிலிருந்து வருகிறாளாம். "கொய்யாப்பழம் கொண்டாரேன். சீனி நீ சேத்து வையி. பழையபடி ஜாம் காய்ச்சுவோம்" என்று, பேசுவது போலவே எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். ஏன் அங்கே என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் என் கை செய்வதற்கெல்லாம் காரணம் கிடையாது.

அது யுத்த காலம். சீனி ரேஷனில்தான் கிடைக்கும். நானும் பாக்கியமும் எஸ்தரும் மதுரையில் ஒன்றாகப் படித்தவர்கள்; அப்போது மூவரும் அங்கேயேதான் இருந்தோம். எஸ்தர் படித்த பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகிவிட்டாள். ஜாம் காய்ச்சிப் புட்டியில் அடைக்கும் வித்தை அவளுக்குத்தான் தெரியும். இரண்டு மாதம் மூன்று வீட்டுச் சீனியையும் மிச்சம் பிடித்தோம். என் வீட்டில் காப்பிக்குக் கருப்பட்டிதான்; அவர் முகம் சுளித்துக்கொண்டே குடிப்பார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாக்கியத்தின் அப்பா ஊரிலிருந்து ஒரு சாக்குக் கொய்யாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வந்து சேர்ந்தபோதே பாதி கனிந்து தெருவே மணத்தது. ஒரு நாள் தள்ளினால் அழுகிவிடும்.

அன்று காலை குழந்தையைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள். உடம்பும் லேசாகச் சுட்டது. வெயில் என்று நினைத்தேன். அல்லது, வெயில் என்று நினைக்க ஆசைப்பட்டேன். பவுடரைப் பூசி, இடுப்பில் தூக்கிக்கொண்டு வைகையைத் தாண்டி செல்லூரில் எஸ்தர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"இவ கிண்டுறாளா, தாலாட்டுறாளா?" என்று எஸ்தர் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். "அடி பிடிச்சா மூணு வீட்டுச் சீனியும் போச்சு."

"டீச்சரம்மா பிரம்பை ஸ்கூல்லயே வச்சுட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் பாக்கியம்.

"இந்தக் கரண்டியே போதும்டி உனக்கு."

தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கரையாமல் நின்றதும் இறக்கினோம். வெந்நீரில் கொதிக்க வைத்த புட்டிகளில் சுடச்சுட ஊற்றி, மேலே மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தோம். வழித்தெடுத்த நுரையை ஒரு கரண்டியில் என் மகளிடம் கொடுத்தார்கள். அவள் நக்கிவிட்டு, பாயில் உட்கார்ந்திருந்த பாக்கியத்தின் பையன் வாயில் அதே கரண்டியை வைத்தாள்.

"பாருங்கடி, எம் மருமக இப்பவே மாப்ளைக்கு ஊட்டி விடுறா!" என்றாள் பாக்கியம். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். என் கை மட்டும் கரண்டியை வாங்க நீண்டு, பாதியில் நின்றது.

சாயங்காலம் மகளுக்கு உடம்பெங்கும் பூத்துவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போகக் கூடாது, சரி. ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கலாமே? அனுப்பவில்லை. பையனுக்கு ஒன்றும் வராது, வீணாக ஏன் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவனுக்கும் போட்டது. என் மகள் தழும்பில்லாமல் எழுந்தாள். அவனுக்கு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. பாக்கியம் பிள்ளைக்கு வெறும் காய்ச்சல் என்று நினைத்து முதல் நாள் ரசத்துக்குக் கடுகு தாளித்திருக்கிறாள். அவள் மாமியார் அதையே பிடித்துக்கொண்டார். "கடுகு வெடிச்ச வீட்டுல ஆத்தா சும்மா இருப்பாளா? அம்புட்டும் பிள்ளை கண்ணுலல்ல தெறிச்சிருக்கு!"

நான் பார்க்கப் போனபோது பாக்கியம் என் மடியில் விழுந்து அழுதாள். "எங்கையால எம்பிள்ளை கண்ணை அவிச்சுட்டேன்டி."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "அழாதே" என்று மட்டும் சொன்னேன்.

இன்றுவரை அவள் வீட்டில் தாளிப்பு கிடையாதாம். குழம்பு, ரசம் எல்லாம் வெறுமனே கொதித்து இறங்குகிறது. பையன் சிலேட்டை முகத்தோடு ஒட்டி வைத்து எழுதுகிறானாம், அதையும் கடிதத்தில் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறாள். எஸ்தர் மாற்றலாகித் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டாள். நாங்கள் ஜாம் காய்ச்சிய வீட்டில் இப்போது தறி ஓடுகிறது. ஒருத்தியிடம் ஒருத்தி எதையும் மறைக்காத மூன்று பேர் அங்கே இருந்தார்கள், அவர்களும் இல்லை.

என்னைப் போலப் பிள்ளை பெற்றவர்களைக் கேட்கிறேன். அவள் வந்ததும் சொல்லிவிடட்டுமா? சொன்னால் அவள் தலையிலிருக்கும் பழி இறங்கும். அதன்பின் என் வீட்டு வாசலை மிதிப்பாளா? என் மகளை மருமகள் என்று கூப்பிட்டவள், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? இல்லை, கரண்டியும் காரணமில்லை, கடுகும் காரணமில்லை, ஊரெல்லாம் அன்று அம்மைதானே என்று பேசாமல் இருந்துவிடலாமா? சொல்வதென்றால் அவளிடம் மட்டுமா, அவள் மாமியார் எதிரிலுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். விடுமுறைக்கு முன்னால் எழுதுங்கள்.